மஞ்சள் துணியில் இருந்த பீரங்கி வெள்ளி

அம்மனுக்கென்று என் மனைவி முடிந்து வைத்த காசைத் திருடியவன் நான். வேறு யாருமில்லை, நான்தான். பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது அதன் தலைமாட்டில் தொங்கிய மஞ்சள் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு, வேறொன்றை வைத்துக் கட்டினேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அப்படி எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போகலாம். பன்னிரண்டு வருஷமாக இது என் வயிற்றுக்குள் கிடக்கிறது. வெளியே சொன்னால் பாரம் குறையும் என்கிறார்கள். குறைகிறதா என்று பார்த்துவிடலாமே என்றுதான் பேனாவை எடுத்தேன். இதுவரை குறையவில்லை...

நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருப்பவன். தந்தி அறையில் வேலை. சம்பளம் சொற்பம், ஆனால் என்னைத் தேடி ஆட்கள் வருவார்கள். கிள்ளானிலிருந்து வருவார்கள், சிரம்பானிலிருந்துகூட ஒருவர் வந்ததுண்டு. பழைய வெள்ளிக் காசுகள் சேர்ப்பவன் என்று எனக்கு ஒரு பெயர். அதைவிடப் பெரிய பெயர், பழைய காசைக் கெடுக்காமல் சுத்தம் செய்யத் தெரிந்தவன் என்பது.

அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஏன் இருக்கக்கூடாது?

புளியையும் சாம்பலையும் போட்டுத் தேய்த்துவிட்டு, "எப்படிப் பளபளக்குது பாருங்க" என்று கொண்டுவந்து நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குத்துவிளக்கா அது, வெள்ளிக்கிழமை விளக்க? ராஜாவின் மூக்கும் போயிருக்கும், எழுத்தும் போயிருக்கும். வெறும் வெள்ளி வட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டுவார்கள்.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இதைச் சுத்தம் செய்யத்தான் வேண்டுமா என்பது. கறுப்பு என்பது அழுக்கு அல்ல. அது வெள்ளியின் மேல் தானாகப் படிந்த தோல், அது கிடந்தால் காசுக்கு ஒரு கெடுதலும் இல்லை. மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டும் போகவேண்டுமானால் மழைத் தண்ணீர் போதும். தந்தி அறை பேட்டரிக்கென்று வரும் காய்ச்சி வடித்த தண்ணீர் இன்னும் நல்லது. மேலதிகாரியிடம் கேட்டு ஒரு குப்பி வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ஒரு சொட்டுச் சோப்பு. ஒரு பகல் முழுக்க ஊறட்டும். பிறகு பஞ்சால் ஒற்றவேண்டும், தேய்க்கக்கூடாது. பழைய வேட்டித் துணியில் வைத்து அழுத்தித் தண்ணீரை எடுக்கவேண்டும், துடைக்கக்கூடாது. எப்போதும் ஓரத்தைப் பிடித்தே தூக்கவேண்டும். காசின் முகத்தில் விரல் படவே கூடாது, விரலின் வேர்வை வெள்ளியைத் தின்னும்.

கறுப்பும் போய்த்தான் தீரவேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அலுமினியச் சட்டியில் சுடுதண்ணீர், கொஞ்சம் சலவைச் சோடா, சில நிமிஷம். ஆனால் அதை ஒரு தடவைதான் செய்யலாம். மறுபடி மறுபடி செய்தால் ஒவ்வொரு தடவையும் காசு கொஞ்சம் தேயும். எத்தனை மென்மையான கையாக இருந்தாலும் தேயும். இதை நான் எல்லோருக்கும் சொல்வேன். சத்தம் போட்டே சொல்வேன்.

இப்போது அந்தக் காசைப் பற்றிச் சொல்கிறேன்.

அது பழைய ஸ்பானிய வெள்ளி. முகத்தில் இரண்டு தூண்கள். மலாய்க்காரர்களுக்கு அந்தத் தூண்கள் பீரங்கிபோலத் தெரிந்ததால் ரிங்கிட் மெரியாம் என்பார்கள். எங்களுக்குப் பீரங்கி வெள்ளி. நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. சீன வியாபாரிகள் அந்தக் காலத்தில் கைக்கு வந்த காசு நல்ல வெள்ளிதானா என்று சோதித்துத் தங்கள் முத்திரையை அதன்மேல் அடிப்பார்கள். இந்தக் காசிலும் ஒரு முத்திரை, இடது தூணின் அடியில், ஆழமாக ஒரு குழி.

அது அஞ்சலையின் காசு. அஞ்சலை என் மனைவி. அவள் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் தொங்காங் படகுகளில் மூட்டை தூக்கியவர். அவள் பிறந்த அன்று படகுக்காரச் சீன முதலாளி அதை அவர் கையில் கொடுத்தாராம். சின்ன வயதில் அழுதால் அந்தக் காசைக் கையில் கொடுப்பார்களாம், அவள் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்துத் தடவிக்கொண்டே தூங்கிப்போவாளாம். கல்யாணமாகி வந்தபோது அவளுடைய தகரப் பெட்டியில் அது இருந்தது. தார்போலக் கறுத்துப்போய், எண்ணெய்ப் பிசுக்கோடு.

முதல் தடவை பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவளைப் பெண் பார்த்தபோதுகூட அப்படி அடைக்கவில்லை. நீங்கள் சிரிக்கலாம்.

கேட்டேன். தரமாட்டேன் என்றாள்.

"எங்கப்பா எனக்குக் குடுத்ததுங்க. ஒங்க பொட்டியில போட்டா அது ஒங்களுதா ஆயிடும்."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆறு வருஷம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், அவளும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை.

எங்கள் மகள் ராஜத்துக்கு நான்கு வயதில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பிள்ளைக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, செய்யவேண்டியதைச் செய்தாகிவிட்டது என்றார். அவர் போனதும் அஞ்சலை எழுந்தாள். ஒரு துண்டு வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள், தகரப் பெட்டியைத் திறந்தாள். பீரங்கி வெள்ளியை அந்த ஈரத் துணியில் வைத்து முடிந்தாள். கிள்ளான் அம்மன் கோயில் உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொண்டு, கட்டில் தலைமாட்டில் கட்டிவிட்டாள்.

எனக்குத் தராத காசு!

பிள்ளை சாகக் கிடக்கிறது, அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான். வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதோடு கோபமும் இருந்தது. உண்டியலில் விழுந்தால் அது என்ன ஆகும்? மூட்டையாகக் கட்டித் தட்டானிடம் எடை போட்டு விற்பார்கள். உருக்கி யாருக்கோ கொலுசு செய்வார்கள். கடல் கடந்து, எத்தனையோ கை மாறி, இவ்வளவு காலம் பிழைத்து வந்த ஒரு பொருள் அடுப்பில் போய்ச் சாகவேண்டுமா? அம்மன் என்ன, காசின் வருஷத்தையா பார்க்கப் போகிறாள்?

மறுநாள் நடுப்பகல். வேலை முடிந்து வந்தேன். ராஜம் தூங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சலை பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள், குழாயடியில் அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. என் பெட்டியிலிருந்து பழைய ராஜா தலை வெள்ளி ஒன்றை எடுத்தேன். அதே அகலம், ஏறக்குறைய அதே கனம். அதுவும் என் சேகரிப்பில் இருந்ததுதான், சல்லிக்காசு இல்லை. முடிச்சை அவிழ்த்தேன், மாற்றினேன், அவள் போட்டதுபோலவே மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். பக்கத்தில் பிள்ளை வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

குடத்தோடு உள்ளே வந்த அஞ்சலை என் விரல்களைப் பார்த்தாள். மஞ்சள் அப்பியிருந்தது. எனக்குச் சாமி, பூசையில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது, அது அவளுக்குப் பெரிய குறை.

"நீங்களும் தொட்டுக் கும்புட்டீங்களா?" என்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

ஆமாம் என்றேன்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை கண் விழித்துக் கஞ்சி கேட்டது. பார்த்தீர்களா? உண்டியலுக்குப் போகவிருந்தது என் காசு, அம்மன் அதை ஏற்றுக்கொண்டாள்! மாற்றி வைத்ததால் பிள்ளை செத்துவிடவில்லையே! பத்து நாள் கழித்து மூவரும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். அவள் முடிச்சைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டாள். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. வெளியே வந்து தேங்காய்த் துண்டைத் தின்றுகொண்டே நான் ஒரு பாரமும் இல்லாமல் நடந்தேன். அதையும் மறைக்கவில்லை.

அந்த வாரம் அவள் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் காசைச் சுத்தம் செய்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, கறுப்பு, எழுத்துகளின் இடுக்கெல்லாம் மஞ்சள். கறுப்பைத் தொடாதே என்று ஊருக்குச் சொல்கிறவன் நான். ஆனால் கறுப்பாக இருந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாளே. சோடாத் தண்ணீரில் போட்டேன். தண்ணீர் சிவந்தது. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும், குங்குமமே அப்படித்தான் செய்கிறார்கள், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் சட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். சட்டி முழுக்க ஆரத்தித் தண்ணீராக நின்றது. கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு இன்னொரு தடவை சோடா போட்டேன்.

கறுப்புப் போனதும் இரண்டு பீரங்கிகளும் எழுந்து நின்றன. அவ்வளவு அழகு... அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்கமாட்டேன்.

ஒளித்து வைத்திருக்கலாமே என்கிறீர்களா? ஒளித்து வைக்கவா திருடினேன்? பெட்டியில் பச்சை வெல்வெட்டில், நடுவில் வைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். மலாக்காவில் வாங்கியது என்றேன். அவர்கள் வாயைப் பிளந்து பார்க்கும்போது அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பவள் அஞ்சலை. பெட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அவள் காசு கறுப்பு. இதுவோ நிலாப்போல இருந்தது.

ஒரு மாதம் போனபிறகுதான் தெரிந்தது. ராஜத்தை இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. காய்ச்சல் ஒரு காதைக் கொண்டுபோயிருந்தது.

டிரெஸ்ஸர் இந்தக் காய்ச்சலில் அப்படி ஆவது உண்டு என்றார். நான் அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன். காசுக்கும் காதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது! இதை எந்தக் கோயில் வாசலிலும் நின்று சொல்வேன்.

ஆனால் அஞ்சலை நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் காசுகளைத் துணியில் ஒற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒங்ககிட்ட ஒன்னு மறைச்சிட்டேங்க," என்றாள்.

நான் நிமிரவில்லை.

"அந்தக் காச முடிஞ்சேன்ல, அன்னிக்கு நான் வீட்டுக்குத் தூரமா இருந்தேன். ரெண்டாம் நாளு. குளிக்கிற வரைக்கும் காத்திருந்தா புள்ள போயிடுமோன்னு பயந்து, அப்பிடியே தொட்டு முடிஞ்சிட்டேன். அதான் அம்மன் புள்ளய முழுசாக் குடுக்கல. உசுரக் குடுத்துட்டு ஒரு காத எடுத்துக்கிட்டா."

அழவில்லை அவள். என்னிடம் தண்டனை கேட்டு உட்கார்ந்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் பெட்டி திறந்திருந்தது. பச்சை வெல்வெட்டின் நடுவில் அது இருந்தது.

அப்போது சொல்லியிருக்கவேண்டும். தெரியும். நீங்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. "குறை உன்னிடம் இல்லை, உன் காசு உண்டியலுக்கே போகவில்லை, இதோ இருக்கிறது" என்று மூன்று வரி. தந்திக்காரன் நான், இதைவிடச் சுருக்கமாக எத்தனையோ மரணச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

"பெத்த தாய் தொட்டதுல என்ன தீட்டு? போய் வேலையப் பாரு," என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். அந்த ஆடியிலேயே கிள்ளான் கோயிலில் தீச்சட்டி எடுக்கப்போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். "கொறைய வச்சது நானு. நாந்தான தீக்கணும்," என்றாள்.

தீச்சட்டி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேப்பிலையை உள்ளங்கையில் பரப்பி, அதன்மேல் நெருப்பு எரியும் மண்சட்டியை வைத்து நடப்பார்கள். மனது சுத்தமாக இருந்தால் சுடாது என்பார்கள். முதல் வருஷமே அவளுக்கு இரண்டு கையும் கொப்புளித்தது. வலியைவிட அதுதான் அவளை உடைத்தது. இன்னும் தீரவில்லை என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டாள். ரயிலில் திரும்பி வரும்போது கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் நான் பஞ்சில் எண்ணெயைத் தொட்டுக் கொப்புளத்தின்மேல் வைத்தேன். தேய்க்காமல், ஒற்றி ஒற்றி.

"ஒங்களுக்கு எவ்வளவு மெதுவான கை," என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆடியும் எடுக்கிறாள். சில வருஷம் சுடும், சில வருஷம் சுடாது. சுடாத வருஷம் என்னோடு சிரித்துப் பேசுவாள். சுட்ட வருஷம் தன்னைத்தானே குடைந்து குடைந்து பழைய தப்புகளைத் தேடுவாள். சின்ன வயதில் திருடித் தின்ற வெல்லம்வரை தேடிவிட்டாள்.

நான் பேசவில்லை. ஏன்? கோழை என்பீர்கள். இல்லை! முதல் வருஷம் சொல்லியிருந்தால் நான் திருடன். இரண்டாம் வருஷம் சொல்லியிருந்தால் அவள் கை வெந்ததற்கும் நானே பொறுப்பு. மூன்றாம் வருஷம், நான்காம் வருஷம்... ஒவ்வொரு ஆடியும் சொல்லவேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் அது என் வாயைவிடப் பெரிதாகிவிட்டது. இதைச் சமாதானம் என்று நினைத்துச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

போன ஆடிக்கு ஒரு வாரம் முன்னால் அவள் முதல் தடவையாக என் பெட்டிமுன் வந்து உட்கார்ந்தாள்.

"ஒன்னு கேட்டா தருவீங்களா? சுத்தமா இருக்கிற நாள்ள இன்னொரு வெள்ளிய முடிஞ்சு போடலாம்னு இருக்கேன். பழைய வெள்ளியா இருந்தா நல்லது."

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கை நடுவில் வந்து நின்றது. பீரங்கி வெள்ளியை எடுத்துவிட்டாள்.

"எங்கப்பா குடுத்தது மாதிரியே இருக்குல்ல? ஆனா அது கறுப்பு." வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது. இடது தூணின் அடிப்பக்கமாக... விரலுக்கு வழி தெரிந்திருந்தது.

"மொகத்தத் தொடாத!" என்று கத்தினேன். "ஓரத்தப் புடி. வேர்வ பட்டா கெட்டுடும்."

சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள். தப்புச் செய்த பிள்ளைபோல இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வடு.

"இதயே குடுங்களேன். அம்மனுக்குப் போட்டுடறேன்."

என்னைத் தேடி அந்த நாள் வந்து நின்றது. வாயைத் திறந்து ஒன்றுமே சொல்லவேண்டாம். சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும். காசு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும், அவளுக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தீர்ந்திருக்கும்.

"அது வேணாம்," என்றேன். "அது மட்டும் வேணாம். வேற எது வேணும்னாலும் எடுத்துக்க."

"சரிங்க, ஒங்களுக்குப் புடிச்சது போல," என்று திருப்பி வைத்தாள். பக்கத்திலிருந்த மெக்சிகோ வெள்ளியை எடுத்துக்கொண்டாள். அதற்கு எனக்கு நன்றி வேறு சொன்னாள்.

முதல் திருட்டைப் பிள்ளையின் காய்ச்சல்மேலும் என் பைத்தியத்தின்மேலும் போடலாம். இரண்டாவதை எதன்மேல் போடுவேன்? என்மேல்தான் போடவேண்டும். போட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் போகலாம்.

வெள்ளி கறுக்காமல் இருக்காது. அதுவும் இந்த ஊர்ப் புழுக்கத்திலும் ரயில் கரிப்புகையிலும் சீக்கிரமே கறுக்கும். கறுத்தால் அது அவளுடைய காசு. ஆகவே ஒவ்வொரு வருஷமும், ஆடிக்கு முன்னால், அதைச் சோடாத் தண்ணீரில் போடுகிறேன். ஒரு தடவைக்கு மேல் கூடாது என்று ஊருக்கே சத்தம் போடுகிறவன் பன்னிரண்டு தடவை போட்டுவிட்டேன். நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்துகள் மழுங்கிவிட்டன. தூண்களின் நுனி கரைந்திருக்கிறது. தட்டானின் அடுப்பிலிருந்து காப்பாற்றினேன் என்று சொன்னேனே, அந்தக் காசை நானே வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் குழி மட்டும் இன்னும் இருக்கிறது. ஆழமாக அடித்துவிட்டான் அந்தச் சீனன்.

நிறுத்தப்போகிறேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. இன்றும் போடத்தான் போகிறேன். அலுமினியச் சட்டியில் தண்ணீர் சுட்டுக்கொண்டிருக்கிறது.

நாளைக் காலை கிள்ளான் ரயில். அடுத்த அறையில் அஞ்சலை மண்சட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ராஜத்தின் நல்ல காதுப் பக்கம் நின்று, வேப்பிலை எங்கே பறிக்கவேண்டும் என்று சத்தமாகச் சொல்கிறாள். இப்போது என்னைக் கூப்பிடுகிறாள்.

"ஏங்க, கைக்குப் போடுற எண்ணெ இருக்கான்னு பாத்து எடுத்து வைங்க. போன வருசம் தீந்துபோன மாதிரி இருந்திச்சு."

எண்ணெயும் சோடாவும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. எழுந்து போய் இரண்டையும் எடுத்து வைத்தேன்.